மாரியில் வலசை போயினவா? துருவத்து இலையுண்ணி டைனோசர்களும் நெடுந்தீவுக் குதிரைகளும்

தீவகத்து மக்கள் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றிலிருந்து இவ்வாய்வைத் தொடங்குதல் பொருந்தும். வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் பண்ணைப் பாலத்தின் இருமருங்கிலும், மண்டைதீவு, வேலணைக் கரைகளிலும், ஊர்காவற்றுறையை அடுத்த பரவைக்கடலிலும் பறவைகள் வந்து இறங்குகின்றன. ஊசிவால் தாராக்களும் உள்ளான் வகைகளும் ஆசியாவின் வடபுலங்களை விட்டு நீங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வருபவை. பங்குனி, சித்திரையில் அவை திரும்பிவிடும். அதே தீவகத்தின் தென்மேற்கு அந்தத்தில், குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணத்தில் அடையும் நெடுந்தீவில், இதற்கு முற்றிலும் மாறான காட்சியைக் காண்கிறோம். அங்கே நூற்றுக்கணக்கான குதிரைகள் கட்டாக்காலிகளாக மேய்கின்றன. சோளகம் வீசும் மாதங்களிலே புல் கருகுகிறது. குளமும் கேணியும் வற்றுகின்றன. ஆயினும் அவை எங்கும் செல்வதில்லை. செல்வதற்கு வழியும் இல்லை.

கடுங்காலம் வரும்போது ஓர் உயிர் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்; அல்லது தன் உடலின் தேவையைக் குறைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கலாம். இவ்விரண்டில் எது நிகழ்ந்தது என்பதே, துருவப் பகுதிகளில் வாழ்ந்த இலையுண்ணி டைனோசர்கள் பற்றி ஆய்வாளர் நெடுங்காலம் வாதிட்ட வினாவாகும். நீண்ட இரவு தொடங்குமுன் அவை வெயில் உள்ள அகலக்கோடுகளை நாடி வலசை போயினவா, அன்றி இருளிலும் குளிரிலும் அங்கேயே மாரியைக் கழித்தனவா? கடந்த நாற்பது ஆண்டுகளில் இவ்வினாவுக்கான விடை ஏறக்குறையத் தலைகீழாக மாறியுள்ளது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளக்குவதே எமது நோக்கம்.

இதற்கும் தீவகத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். தீவகத்தின் அடிப்பாறை மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அதன் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் அல்லது அதற்கும் குறைவு. பறவைகளல்லாத டைனோசர்களோ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டன. ஆகவே நெடுந்தீவிலோ நயினாதீவிலோ கிணறு வெட்டுவோர் டைனோசர் என்பு எதையும் கண்டெடுக்கப் போவதில்லை. எமக்கு அண்மையில் அவ்வுயிர்ச்சுவடுகள் கிடைத்த இடம் பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்தின் அரியலூர்ப் பகுதியாகும். அங்குள்ள கல்லமேட்டிலிருந்து 1987 இல் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் விவரித்த புருகத்காயோசோரஸ் என்னும் பேருருவின் என்புகள் பின்னர் நொருங்கி அழிந்துபோயின என்பது, தென்னாசியாவில் இத்துறை எதிர்நோக்கும் அவல நிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு. எனினும் இலங்கைக்கும் துருவத்துக்கும் பழைய உறவொன்று உண்டு. கொண்டுவானா என்னும் தென்பெருங்கண்டம் பிளவுறுமுன் இலங்கை அந்தாட்டிக்காவை ஒட்டியிருந்தது. புத்தளத்தை அடுத்த தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களிற் கிடைக்கும் யுராசிக் காலத் தாவரச் சுவடுகள் அக்கண்டத்தின் காடுகளுக்கு உரியவை. இன்று வெப்ப வலயத்தில் இருக்கும் எமது மண், ஒருகாலத்தில் தென்னகலக்கோடுகளின் பருவங்களை அறிந்திருந்தது.

சொற்கள் இரண்டு பற்றி ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். எமது பாடநூல்கள் பனிப்பருவத்தை மாரி என மொழிபெயர்க்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்தவருக்கு மாரி என்பது குளம் நிரம்பும் காலம், பயிர் விளையும் காலம். பஞ்சம் கோடைக்கு உரியது. துருவத்து மாரியோ தாவர வளர்ச்சி நின்றுபோகும் காலம். உணவு நிலையில் அது எமது சோளகக் கோடையையே ஒத்தது. இதை மறந்தால் இவ்வொப்பீடு முழுவதும் பிறழ்ந்துவிடும். மற்றைய சொல் வலசை. இன்று பறவைகளுக்கு வழங்கும் இச்சொல், பழைய வழக்கில் படையெடுப்புக்கு அஞ்சி மக்கள் ஊரைவிட்டு வெளியேறுதலைக் குறித்தது. இராமநாதபுரக் கரையிலுள்ள புதுவலசை போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் நிற்கிறது. பறவையின் வலசையில் மீட்சி உறுதி. அது ஆண்டுச் சுற்றின் பாதி. அச்சத்தால் நேரும் வலசையில் மீட்சி உறுதியன்று. 1990 இல் போர் தீவகத்தை எட்டியபோது வெளியேறியோரின் வீடுகள் பல இன்றும் கூரையின்றி நிற்பதைக் கண்டோருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. உயிரியலிலும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. விலங்கொன்று இரு வேறு நிலப்பரப்புகளிற் காணப்படுவதனால் மட்டும் அது வலசை போவதென முடிவு செய்தல் கூடாது. அதே விலங்கு, ஆண்டுதோறும், போய் மீண்டது என்று காட்ட வேண்டும்.

இனித் துருவத்துக்கு வருவோம். கிரிற்றேசியக் காலத் துருவங்கள் இன்றுபோல் பனிப்பாளம் மூடியவையாக இருக்கவில்லை. அலாஸ்காவின் வடசரிவில், கொல்வில் ஆற்றங்கரையில் வெளித்தெரியும் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழைமையான படிவுகள், அக்காலத்தில் வட அகலக்கோடு 80 பாகைக்கும் அப்பால் இருந்தன. அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் என மதிப்பிடப்பட்டுள்ளது. இலையுதிர்க்கும் ஊசியிலை மரங்களும், பன்னங்களும், குதிரைவால் எனப்படும் பூண்டுகளும் அங்கு வளர்ந்தன. குளிரைவிடக் கொடியது இருளே. ஆண்டில் ஏறத்தாழ நான்கு மாதம் ஞாயிறு எழவில்லை. ஒளி இன்றேல் இலை இல்லை. இலை இன்றேல் இலையுண்ணி என்ன செய்யும்?

அவ்வாற்றங்கரையில் 1961 இல் என்புகளைக் கண்டவர் றொபேட் லிஸ்கோம்ப் என்னும் எண்ணெய்க் கம்பனிப் புவிச்சரிதவியலாளர். அடுத்த ஆண்டிலேயே அவர் பாறைச் சரிவொன்றில் உயிரிழந்தார். அவர் சேகரித்த என்புகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கம்பனிக் களஞ்சியத்தில் கிடந்தன; 1980 களில்தான் அவை டைனோசருடையவை என இனங்காணப்பட்டன. அவை தாராவின் அலகைப் போன்ற வாயமைப்புடைய இலையுண்ணிகளின் என்புகள். எட்மொண்டோசோரஸ் இனத்தைச் சார்ந்தவை. 2015 இல் இவற்றைத் தனியினமாகக் கொண்டு, அந்நிலத்துக்குரிய இனூப்பியாக் மக்களின் மொழியில் உக்ரூனாலுக் எனப் பெயரிட்டனர். அது தனியினந்தானா என்பதில் ஆய்வாளரிடையே உடன்பாடில்லை. எனினும் பெயரின் தெரிவை நாம் வரவேற்கிறோம்; நிலத்தின் உயிர்களுக்கு அந்நிலத்து மக்களின் மொழியிற் பெயர் வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

லிஸ்கோம்பின் என்புகள் இனங்காணப்படுமுன்னரே வலசைக் கருதுகோள் உருவாகிவிட்டது. 1960 இல் ஸ்பிட்ஸ்பேர்கன் தீவிலே டைனோசர்க் காலடித் தடங்கள் காணப்பட்டிருந்தன. குளிர்க்குருதி விலங்குகள் அத்தகைய இடத்தில் எவ்வாறு இருந்திருக்க முடியும் என்ற வினா எழுந்தது. 1980 இல் நிக்கலஸ் ஹொற்றன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு விடை கூறினார். டைனோசர்கள் ஞாயிற்றைப் பின்தொடர்ந்து கோடையில் வடக்கும் மாரியில் தெற்குமாக நடந்தன. ஆகவே அவற்றுக்கு வெப்பக்குருதி தேவைப்படவில்லை என்பது அவர் கருத்து. கருதுகோள் அழகானது. ஆனால் அதன் அத்திவாரத்தைக் கவனிக்க வேண்டும். அது என்பிலிருந்து எழுந்ததன்று. டைனோசர் பெரியதோர் ஊர்வன என்ற முன்முடிவிலிருந்து எழுந்தது. இத்தகைய இடத்தில் இத்தகைய உயிர் இருக்க இயலாது, ஆகவே அது போயிருக்க வேண்டும் என்பதே அதன் தருக்கம். மிதவெப்ப நாடுகளின் கல்விமான்கள் பனிநாட்டையும் பாலையையும் பற்றிப் பேசும்போது இத்தருக்கம் அடிக்கடி தலைகாட்டுவதை நாம் காண்கிறோம்.

பயணத்தின் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஞாயிறு சிறிதளவேனும் எழும் இடத்தை அடைய, 82 ஆம் பாகையில் வாழும் விலங்கு துருவ வட்டத்துக்கு, அதாவது ஏறத்தாழ 66 ஆம் பாகைக்கு வருதல் வேண்டும். இடைவெளி 16 பாகை. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீற்றர் எனக் கொண்டால் நேர்க்கோட்டிலேயே 1,800 கிலோமீற்றருக்கு அண்மித்த தூரம். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையான தூரத்தின் நான்கு மடங்கு. இருளைக் கடந்துவிட்டதால் உணவு கிட்டிவிடும் என்றுமில்லை. துருவ வட்டத்து மாரியிலும் தாவரம் உறங்கியே கிடக்கும். உணவுக்காக இன்னும் தெற்கே போக வேண்டும். 2008 இல் பெல், ஸ்னைவ்லி ஆகிய ஆய்வாளர்கள், எட்மொண்டோசோரஸ் போன்ற பெருவிலங்கின் உடலமைப்பும் ஆற்றலும் 2,600 கிலோமீற்றர் வரையான வலசைக்கு இடமளிக்கும் என மதிப்பிட்டனர். ஆனால் பெரும்பாலான துருவ டைனோசர்கள் தங்கியே மாரியைக் கழித்தன என்பதே அவர்களது முடிவு. கவச உடலுடைய அங்கைலோசோர்களுக்கும், சிறிய உருவினவற்றுக்கும் அத்தகைய நடை இயலவே இயலாது. ஒரே காட்டில் வாழ்ந்த சிலவற்றாற் தங்க முடிந்ததெனில், ஏனையவை போய்த்தான் ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் என்ன?

போக முடியும் என்பது வேறு, போயின என்பது வேறு. இதைத் தீர்க்கச் சான்று வேண்டும். முதற் சான்று குட்டிகளிடமிருந்து வந்தது. லிஸ்கோம்பின் என்புப் படுகையிற் கிடைத்தவற்றுட் பெரும்பாலானவை இளம் விலங்குகளின் என்புகள். 2001 இல் பியறிலோவும் கங்லொவ்வும் அவற்றைக் கனடாவின் கரிபூ மானோடு ஒப்பிட்டனர். கரிபூக் கன்று நெடும்பயணம் தொடங்குமுன் தாயின் உருவை நெருங்கிவிடும். டைனோசர்க் குட்டியோ தாயோடு ஒப்பிடின் மிகச் சிறியது. அது கூட்டத்தோடு ஈடுகொடுத்து நடந்திருக்க முடியாது. 2014 இல் அலாஸ்காவின் தெனாலிப் பூங்காவில் ஆராயப்பட்ட காலடித் தடங்களில் மிகச் சிறிய குட்டி முதல் முதிர்ந்தது வரை எல்லா வயதினவும் ஒன்றாகத் திரிந்தமை தெளிவாயிற்று. அக்கூட்டம் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்த கூட்டம்.

இரண்டாவது சான்று என்பின் உள்ளே இருந்தது. இதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். மரத்தை அறுத்தால் வளர்ச்சி வளையங்கள் தெரியும். (பனைக்கும் தென்னைக்கும் அவை இல்லை.) அதுபோல் நெட்டென்பைக் குறுக்காக அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய துண்டாகத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் நோக்கினால், விலங்கு விரைந்து வளர்ந்த காலமும் வளர்ச்சி தளர்ந்த காலமும் அடுக்கடுக்காகப் பதிந்திருப்பதைக் காணலாம். விரைந்து உருவாகிய இழையத்தில் குருதிக்கலன்களின் வழிகள் நிறைந்திருக்கும். வளர்ச்சி முற்றாக நின்றால் அங்கே ஒரு கோடு விழும். 2012 இல் அனுசூயா சின்சாமியும் அவருடன் பணியாற்றியோரும் அலாஸ்காவின் எட்மொண்டோசோரஸ் என்புகளை, தெற்கே கனடாவின் அல்பேட்டாவில் வாழ்ந்த எட்மொண்டோசோரஸ் என்புகளோடு ஒப்பிட்டனர். தெற்கத்தைய என்பில் இழையம் ஒரே சீராக இருந்தது. வடக்கத்தைய என்பிலோ குருதிக்கலன்களின் ஒழுங்கு மாறி மாறி வரும் பட்டைகள் காணப்பட்டன. ஆண்டுதோறும் ஒரு பகுதியில் அவ்விலங்கு நலிந்திருந்தது என்பதே இதன் பொருள். வலசை போய் வெயிலும் உணவும் உள்ள நாட்டில் மாரியைக் கழித்திருந்தால் இத்தழும்பு வேண்டியதில்லை. தென்னாபிரிக்காவிற் பணியாற்றும் சின்சாமி, டைனோசர் என்பின் நுண்ணமைப்பு ஆய்வில் உலகின் முன்னணியினருள் ஒருவர் என்பதை வாசகர் அறிந்திருத்தல் நன்று.

ஆயினும் இவ்வகைச் சான்றை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பதை அவுஸ்திரேலிய ஆய்வு கற்பிக்கிறது. விக்ரோறியாக் கரையிலுள்ள டைனோசர்க் குடா என்னுமிடத்தில் தொம் றிச், பற்றீசியா விக்கேர்ஸ் றிச் தம்பதியினர் 1984 முதல் பத்தாண்டுகள் பாறையைக் குடைந்து என்புகளை எடுத்தனர். அக்கரை 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தென் துருவ வட்டத்துக்குள் இருந்தது. அங்கு கிடைத்த சிறிய இலையுண்ணி ஒன்றுக்குத் தம் மகளின் பெயரால் லெயலினாசோரா எனப் 1989 இல் பெயரிட்டனர். ஏறத்தாழ ஓர் ஆட்டின் உயரத்தையும் எட்டாத அவ்விலங்கு வலசை போயிருக்கும் என எவரும் வாதிடவில்லை. 1998 இல் வெளிவந்த ஆய்வொன்று, அவ்வகைச் சிற்றிலையுண்ணிகளின் என்பில் வளர்ச்சி நின்ற கோடு இல்லை, ஆகவே அவை மாரி முழுவதும் ஓடியாடித் திரிந்தன என்றது. 2011 இல், கூடுதலான என்புகளை ஆராய்ந்தபோது, கோடுகள் இருப்பது தெரியவந்தது; அதுமட்டுமன்றி, வெப்பநாட்டு உறவினங்களின் என்பிலும் அவ்வாறே இருப்பது தெரிந்தது. முந்திய ஆய்வில் ஈடுபட்டோரே பிந்தியதிலும் ஈடுபட்டுத் தம் முடிவைத் திருத்திக்கொண்டனர். இப்பண்பு எமது ஆய்வுலகிலும் வேரூன்ற வேண்டியது. 2012 இல் கோலரும் பிறரும், வெப்ப வலயம் முதல் துருவம் வரை வாழும் நூற்றுக்கு மேற்பட்ட அசைபோடும் விலங்குகளின் என்புகளில் இக்கோடுகளைக் கண்டனர். ஆகவே கோடு இருப்பதனால் மட்டும் குளிர்க்குருதி என்றோ, துருவவாசி என்றோ கூறிவிட முடியாது. அலாஸ்கா ஆய்வின் வலிமை, ஒரே வகை விலங்கை இரு நாடுகளில் எடுத்து ஒப்பிட்டமையிலேயே தங்கியுள்ளது.

மூன்றாவது சான்று முட்டை பற்றியது. எமது கருத்தில் இதுவே வலியது. 2021 இல் ட்றக்கன்மில்லர், எறிக்சன் முதலியோர் கொல்வில் ஆற்றங்கரை மண்ணைச் சல்லடையிட்டு, முட்டையிலிருந்து வெளிவந்ததும் வெளிவராததுமான நிலையில் இறந்த குஞ்சுகளின் நுண்ணிய என்புகளையும் பற்களையும் கண்டனர். ஒன்றல்ல, ஏழு வகை டைனோசர்களின் குஞ்சுகள். இவ்விலங்குகள் துருவத்திலேயே முட்டையிட்டன என்பது இதனால் உறுதியாயிற்று. எறிக்சன் 2017 இல், கருவின் பல்லில் நாள்தோறும் பதியும் நுண்கோடுகளை எண்ணி, தாராவாய் டைனோசர் ஒன்றின் அடைகாலம் ஏறத்தாழ 171 நாள் எனக் காட்டியிருந்தார். இப்போது கணக்கு எளிது. ஞாயிறு திரும்பிய பின் சித்திரையில் முட்டையிட்டால் குஞ்சு வெளிவருவது புரட்டாசியில். இருளுக்கு முன் எஞ்சுவது ஏறத்தாழ இரண்டு மாதம். முன் கூறிய 1,800 கிலோமீற்றரை அறுபது நாளில் நடப்பதாயின் நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர். பிறந்த குஞ்சு அதை நடக்குமா?

தங்கின எனில் எதை உண்டன? இலையுதிர்ந்த பின்னும் பன்னத்தின் வேர்க்கிழங்கு, குதிரைவாற் பூண்டின் தண்டு, மரப்பட்டை, உதிர்ந்த இலை ஆகியன எஞ்சும். டைனோசர் அழுகிய மரத்தையும் உண்டது என்பதை, அமெரிக்காவின் மொன்ரானாவிற் கிடைத்த கல்லாகிய சாணத்தை ஆராய்ந்து 2007 இல் கறன் சின் காட்டினார். அது துருவமன்று, ஆயினும் தாராவாய் விலங்குகளின் குடல் எத்தகைய தாழ்ந்த உணவையும் ஏற்றிருக்கும் என்பதற்கு அது சான்று. குறைந்த சத்துள்ளதை மெல்லத் தின்று, உடலிற் சேர்த்த கொழுப்பைச் செலவிட்டு, வளர்ச்சியைத் தளர்த்தி, ஒளி மீளும்வரை தாக்குப்பிடித்தல். என்பிற் பதிந்த பட்டைகள் கூறும் வாழ்க்கை இதுவே.

டைனோசர் எதுவும் வலசை போகவில்லை என்று நாம் கூறவில்லை. 2011 இல் பிறிக் முதலியோர் கமராசோரஸ் என்னும் நெடுங்கழுத்து இலையுண்ணியின் பல் மிளிரியில் ஒட்சிசன் சமதானிகளை அளந்து, அது தாழ்நிலத்துக்கும் மேட்டுநிலத்துக்குமிடையே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் பருவந்தோறும் போய்வந்தது எனக் காட்டினர். குடித்த நீரின் முத்திரை பல்லிற் பதிவதால் இது சாத்தியமாயிற்று. அவ்விலங்கைத் துரத்தியது பனியன்று, வறட்சியே என்பது நோக்கத்தக்கது. மின்னேரிக் குளம் வற்றி, நடுவே புல் முளைக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் சுற்றுக்காடுகளின் யானைகள் அங்கு நூற்றுக்கணக்கிற் கூடுவதும் இவ்வகையினதே. பெரிய இலையுண்ணி அண்மையில் நல்ல மேய்ச்சல் இருப்பின் அங்கு போகும். கண்டத்தைக் கடக்கும் நடை வேறு செய்தி.

இனி நெடுந்தீவு. அங்குள்ள குதிரைகள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்தவற்றின் வழிவந்தவை. ஒல்லாந்தர் லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. படைக்குக் குதிரை வேண்டாத காலம் வந்தபோது அவை கைவிடப்பட்டன. கடல் சூழ்ந்தமையால் அவை தங்கின. ஆகவே டைனோசர் தங்கியது என்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் தங்குதலின் விலை யாது என்பதை அவை கண்முன் காட்டுகின்றன. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் நிலத்தில், மழை பொய்த்த ஆண்டுகளில், நீரும் புல்லும் இன்றிக் குதிரைகள் இறக்கின்றன; எஞ்சியவை அடுத்த வாடையோடு தேறுகின்றன. தங்கும் இனம் ஒவ்வொரு கடுங்காலத்திலும் தன்னில் ஒரு பகுதியை இழக்கிறது. லிஸ்கோம்பின் படுகையில் இளம் விலங்குகள் திரளாகக் கிடப்பதை நோக்கும்போது இது நினைவுக்கு வராமல் இல்லை. எனினும் அத்திரளின் காரணம் வெள்ளப்பெருக்கு எனப் பலர் கருதுவதால் நாம் மேலே செல்லவில்லை.

இங்கே செய்யத்தக்க வேலையொன்று உண்டு. நெடுந்தீவின் மழை ஒரே பருவத்தில் பெய்கிறது. பஞ்சம் ஒரே பருவத்தில் வருகிறது. விலங்கு வெளியேறவில்லை என்பதில் ஐயமில்லை. இறந்த குதிரைகளின் நெட்டென்பை அறுத்துத் தேய்த்து நோக்கினால், வலசை போகாத ஓர் இலையுண்ணியின் உடலில் பஞ்சப் பருவம் எவ்வாறு பதிகிறது என்பதை ஆண்டுவாரியான மழைக் கணக்கோடு ஒப்பிடலாம். மழை பொய்த்த ஆண்டின் கோடு ஏனைய ஆண்டுகளின் கோட்டிலிருந்து வேறுபடுகிறதா என்பதே முதலிற் கேட்க வேண்டியது. அலாஸ்காப் பட்டைகளை வாசிப்போருக்கு இத்தகைய ஒப்பீட்டு அளவுகோல் பயன்படும். 2015 முதல் அந்நிலத்தின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக இருப்பதனால் என்பு எடுக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் இசைவு தேவை. அது கிடைப்பின், வேண்டிய கருவிகள் ஒரு மெல்லறு வாளும், தேய்கல்லும், நுணுக்குக்காட்டியுமே. குறிகட்டுவானிலிருந்து படகு நாள்தோறும் போகிறது.